ஓடுதா, நிக்குதா

எதிர்வீட்டில் தரைக்கு டைல்ஸ் அறுக்கிறார்கள். இயந்திரத்தை முடுக்கியதும் முதலில் ஒரு நீளமான ஊளை. ஒரே சுருதி, ஏற்றமில்லை, இறக்கமில்லை. பிறகு பல் கல்லில் படுகிறது. ஊளை சிதறிப் பொடிப்பொடியாகிக் கீச்சிடுகிறது. தெருவில் எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டுவிட்டார்கள். நான் மட்டும் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறேன். கேசட்டிலிருந்து எங்கள் பழைய கம்ப்யூட்டருக்குள் புரோகிராம் ஏறும்போது வருகிற சத்தம் இதேதான். முதலில் ஊளை, பிறகு கீச்சு. ஊளை வந்தால் வரப்போகிறது என்று பொருள். கீச்சு வந்தால் வந்துகொண்டிருக்கிறது. நடுவில் அறுந்தால் எல்லாம் போயிற்று, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

போன ஆடியில் ஒரு சனி ஞாயிறு முழுக்க அந்தச் சத்தத்தையும் என் தங்கையின் முகத்தையும் மாற்றி மாற்றிக் கவனித்துக்கொண்டிருந்தேன். பெட்டி நின்றுவிடுமோ என்று ஒரு பயம். அதற்குள்ளே அவள் நின்றுவிடுவாளோ என்று இன்னொரு பயம்.

தங்கை பொள்ளாச்சியில் இருக்கிறாள். அங்கே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறாள். அந்த வருடம் வெயில் காலத்தில் ஒரு நாள், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த சாக்பீஸ் நழுவியது. எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் ஓடிவந்து தாங்கியிருக்கிறார்கள். மூளைக்குப் போகிற ஒரு சின்ன ரத்தக்குழாயில் அடைப்பு. சின்னதுதான், சீக்கிரம் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். 'சின்னது' என்ற சொல்லை அதற்கு முன்னால் நான் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டதில்லை.

நடை திரும்பி வந்தது. பேச்சு வந்தது. வலது கை முக்கால்வாசி வந்தது. எண்கள்தாம் வருவேனா என்று வாசலிலேயே நின்றன. ஏழு என்று வாய் சொல்லும், கை ஒன்பது எழுதும். பால்காரரிடம் கணக்குச் சொல்லப் போய், பாதியில் நிறுத்தி, அவரையே போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவாள் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எண்களைப் பங்கு போட்டபோது என் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனவள் அவள். எனக்கு மிஞ்சியது சொற்கள், அதுவும் சில்லறையாக.

அதிலிருந்து தினமும் அவளுக்குப் போன் செய்தேன். காலையில் ஒரு தடவை என்று ஆரம்பித்தது, பிறகு கணக்கில்லாமல் போயிற்று. மணி அடித்து அடித்து ஓய்ந்தால் போதும், எனக்கு இங்கே சட்டை நனைந்துவிடும். உடனே மாப்பிள்ளையைக் கூப்பிடுவேன். அவரும் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு அம்மாவை. ஒரு முறை அவள் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போயிருந்த நேரத்தில், பக்கத்து வீட்டு அம்மா, எதிர்வீட்டுக்காரர், தெருமுனை மருந்துக்கடைப் பையன் எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்கள். அண்ணன் கூப்பிட்டு நான் எடுக்காவிட்டால் தெருவே வந்துவிடும், ஆகவே குளிக்கப் போனாலும் போனை எடுத்துக்கொண்டுதான் போகிறேன் என்று அவள் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பில் கொஞ்சம் கோபமும் இருந்தது. எனக்குத் தெரியும். தெரிந்தும் விரல் நிற்கவில்லை.

கல்லூரி திறக்கிற திங்கட்கிழமைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, பொழுதோடு, ஒரு சின்னப் பையோடு கணபதியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். தண்ணீர் குடித்தாள். செம்பைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் கேட்டாள்.

"அட்டாலியில அந்தப் பொட்டி இன்னுங் கெடக்குதுங்களாண்ணா?"

கிடந்தது. பரணில், பித்தளைக் குண்டான்களுக்குப் பின்னால், பழைய போர்வையில் சுற்றி. நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அப்பா கொண்டுவந்தது. அப்பா வீட்டுக்குப் பின்னாலேயே, இரும்பையும் பித்தளையையும் சுழலவிட்டுக் கடைகிற லேத் பட்டறை வைத்திருந்தார். அவரிடம் வேலை கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மில் எஞ்சினியர் ஊர் மாறிப் போகும்போது விற்ற சாமான்களில் இதுவும் ஒன்று. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. தட்டுகிற கட்டைகளும் அதிலேயே, மூளையும் அதிலேயே. திரை கிடையாது, டிவியில் செருக வேண்டும். அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறக்கக்கூடாததைக் கேசட்டில் சத்தமாகப் பதிந்துவைக்க வேண்டும். அப்பா அதை ஒருநாளும் தொட்டதில்லை. நான் தொட்டு அலுத்துவிட்டேன். தங்கை அதனோடேயே வளர்ந்தாள்.

எதற்கு இப்போது அது என்று கேட்டேன். ஒரு பொருள் திரையில் சுற்ற வேண்டும் என்றாள். சின்ன வயதில் செய்ததுபோலக் கோடு கோடாகக் கம்பிக்கூடு இல்லை, கெட்டியான பொருள். வெளிச்சம் பட்டு, நிழல் விழுந்து, முன்பக்கம் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு சுற்ற வேண்டும். அன்றைக்கு வராமல் விட்டது. இன்றைக்கு எல்லோர் வீட்டு லேப்டாப்பிலும் இரண்டு தட்டுத் தட்டினால் வந்துவிடுமே என்றேன்.

"அதுதானுங்ணா வேண்டாங்கறது. லேப்டாப்புல நான் பாதி எழுதறதுக்குள்ள மீதிய அதுவே எழுதிக் குடுத்துருது. அப்பறம் எது என்ற மூளை, எது அதோட மூளைன்னு எப்படிக் கண்டுபுடிக்கறது? இது ஒண்ணுந் தெரியாத பொட்டி. நான் சொன்னாச் செய்யும். தப்பாச் சொன்னா தப்பாச் செய்யும்."

பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். கல்லூரியில் முதல்வர் நல்லபடியாகத்தான் பேசியிருக்கிறார். வகுப்பு எடுக்க முடியும் என்றால் எடுக்கலாம். இல்லையென்றால் நூலகத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது, சம்பளத்தில் குறையிருக்காது, பிள்ளைகள் முன்னால் நின்று கணக்குப் போட்டுக்காட்ட வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலையில் பதில் சொல்ல வேண்டும். பொருள் சுற்றினால் வகுப்புக்குப் போவது. சுற்றாவிட்டால் நூலகம். மாப்பிள்ளைக்கு இந்தப் பந்தயம் தெரியாது.

"என்னம்மிணி, கோயில்ல பூக் கேக்கறாப்ல பொட்டிகிட்டக் கேக்கறே?" என்றேன். கல்யாணமோ கிணறோ, எங்கள் பக்கம் முதலில் வெள்ளையும் சிவப்புமாக இரண்டு பூவைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, எது வருகிறது என்று பார்த்துத்தான் ஆரம்பிப்பார்கள்.

"சாமி எரக்கப்பட்டு நல்ல பூவாக் குடுத்தாலுங் குடுத்துரும். பொட்டி குடுக்காதுங்ணா."

சிரிக்கத்தான் சொன்னாள். நான் பரணில் ஏற ஸ்டூலைத் தேடப் போனேன்.

சனிக்கிழமை எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்து மாலைவரை கரண்ட் கிடையாது என்று பேப்பரில் போட்டிருந்தது. இன்வெர்ட்டரில் போட்டால் பெட்டியின் டிரான்ஸ்பார்மர் வண்டுபோல உறுமியது, பயந்து பிடுங்கிவிட்டேன். அவள் அலட்டிக்கொள்ளவில்லை. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை என் மனைவி எதற்கோ சேர்த்துவைத்திருந்தாள்; அதில் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

பொருள் எது என்பது உடனே முடிவாகிவிட்டது. கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க நாங்கள் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிற பித்தளைத் தூக்குக் குண்டு. கொத்தனார்கள் சுவர் நேராக இருக்கிறதா என்று நூலில் கட்டித் தொங்கவிடுவார்களே, அது. அப்பா கடைந்தது. மேலே சின்னக் கழுத்து, நடுவில் பருத்த வயிறு, கீழே கூராகச் சரிகிற முனை. மற்ற வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால் ஒரு தீப்பெட்டியையோ ஓட்டு வீட்டையோ எடுத்திருப்பார்கள். எங்களுக்குப் பொருள் என்றாலே கடைசல் பொருள்தான். அப்பா படம் வரைந்தால் நடுவில் ஒரு கோடு போடுவார், கோட்டுக்கு மேலே பாதி உருவம் மட்டும் வரைவார், மீதியை லேத் பார்த்துக்கொள்ளும். தங்கையும் அப்படியே வரைந்தாள். தூக்குக் குண்டைப் படுக்கவைத்து, ஒரு விளிம்பை மட்டும் சில புள்ளிகளாகக் குறித்தாள். மீதியைப் பெட்டி கடைந்துகொள்ளும்.

வேலை இதுதான். பள்ளிக்கூட நோட்டின் மூலையில் தாளுக்கு ஒரு படமாக வரைந்து, கட்டைவிரலால் சர்ரென்று விட்டால் படம் அசையுமே, அதே வித்தை. சுற்றிக்கொண்டிருக்கும்போதே வரைகிற வேகம் அந்தப் பெட்டிக்குக் கிடையாது. ஆகவே ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு படத்தை நிதானமாக வரையச் சொல்லி, நினைவில் அடுக்கிவைத்து, எல்லாம் சேர்ந்தபிறகு மடமடவென்று ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் எறிய வேண்டும். ஒரு படத்துக்கே ஏகப்பட்ட கணக்கு. உருண்டையை நீளவாக்கில் பட்டை பட்டையாகச் செதுக்கியதாக வைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பட்டை நம்மைப் பார்க்கிறது, எது முதுகைக் காட்டுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். முதுகைக் காட்டுவதை விட்டுவிட வேண்டும். பார்க்கிற பட்டையில் வெளிச்சம் எவ்வளவு சாய்ந்து விழுகிறதோ அதற்கேற்பப் புள்ளிகளை நெருக்கியோ கலைத்தோ இறைக்க வேண்டும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் ஒரு பட்டை அளவுக்குத் திருப்ப வேண்டும்.

இதெல்லாம் அவள் எனக்குச் சொன்னது. சொல்லும்போது தங்குதடையில்லை. எழுதும்போதுதான் பேனா நின்றது. ஒரு எண்ணை எழுதுவாள், உதட்டை அசைத்துச் சொல்லிப்பார்ப்பாள், இரண்டும் ஒன்றுதானா என்று என்னிடம் தாளை நீட்டுவாள். பல தடவை ஒன்றுதான். சில தடவை இல்லை. இல்லை என்று சொல்கிற ஒவ்வொரு முறையும் அவள் கண்ணுக்குள் ஏதோ ஒரு விளக்கை நான் ஊதி அணைப்பதுபோல இருந்தது. மாத்திரைக்கு நேரமாயிற்று, கொஞ்சம் படுத்துக்கொள், மோர் குடிக்கிறாயா என்று சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் என் மனைவிதான் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, அம்மிணி கணக்குப் போடறாளா, உங்களுக்குப் பதில் சொல்றாளா? போய்த் தேங்கா ஒண்ணு உரிச்சுக் குடுங்க."

தேங்காய் உரித்தேன். நாருக்குள் கத்தி போகும்போதும் காது மேசைப் பக்கமே இருந்தது. ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிளம்பி வந்து வேப்பமரத்தைப் பிடித்து உலுக்கியது. தாள்கள் பறந்தன. அவள் தூக்குக் குண்டையே எடுத்துத் தாள்மேல் வைத்துக்கொண்டு எழுதினாள்.

மாலையில் கரண்ட் வந்தது. என் மனைவி ஒரு காலத்தில் சீரியல் பார்த்த டப்பா டிவியைத் துடைத்துப் பெட்டியோடு இணைத்தோம். சூடான தூசியின் வாசனை எழுந்தது. பெட்டி உயிரோடுதான் இருந்தது. கேசட் ரிக்கார்டரின் பெல்ட் பிசினாக உருகிக் கிடந்தது. சைக்கிள் டியூபில் மெல்லிய வளையமாக வெட்டிப் போட்டேன். ஒரு பாட்டுக் கேசட்டைப் போட்டுப்பார்த்தேன்; பாட்டுக் கொஞ்சம் இழுத்தது, ஆனாலும் சுற்றியது. நான் எண்களைப் படிக்க, அவள் இடது கையால் தட்டினாள். தட்டியதைக் கேசட்டில் பதிந்து, ஊளையும் கீச்சுமாக ஒருமுறை திரும்ப ஏற்றிப்பார்த்து, அப்புறம்தான் தூங்கப் போனோம். நான் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடவிட்டாள்.

இனிப் பெட்டி பார்த்துக்கொள்ளும், நாம் செய்ய ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு ஆகாத நிலைமை. வீட்டில் வோல்டேஜ் இறங்கினால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று பிரிட்ஜைப் பிடுங்கினேன். மோட்டார் போடக்கூடாது என்றேன். மிக்ஸியும் கூடாது என்றேன்.

"ஞாயித்துக்கெழமையும் அதுவுமா மிக்ஸி இல்லாமக் கறிக்கொழம்பு வெக்கச் சொன்ன மொதப் புருசன் நீங்கதான்," என்றாள் மனைவி. தங்கையைப் பார்த்து, "உங்கண்ணனை அந்தப் பொட்டிக்குள்ள போட்டுச் சுத்தவிட்டிருந்தா இந்நேரத்துக்கு முடிஞ்சிருக்கும், அம்மிணி. சும்மாவே சுத்தறாரு."

தங்கை சிரித்தாள். "அண்ணனைக் கெட்டியாப் பண்ண முடியாதுங் நங்கையா. வெறுங் கம்பிக்கூடுதான் வரும்." அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைக் கேலி செய்தது எனக்குக் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது.

படம் வர ஆரம்பித்தது. புள்ளி புள்ளியாக, இடமிருந்து வலமாக, தூறல் மண்ணில் விழுவதுபோல. முதலில் கழுத்து. பிறகு மேல்விளிம்பில் வெளிச்சம் மினுங்கும் வயிறு, கீழ்விளிம்பில் இருட்டு. பிறகு முனை. அப்பாவின் தூக்குக் குண்டு அப்படியே திரையில் படுத்திருந்தது. என் மனைவிகூட அடுப்பை விட்டுவிட்டு வந்து பார்த்தாள். அசல் மாதிரியே இருக்கிறதே என்றாள். பெட்டி அதை எடுத்து நினைவில் வைத்துக்கொண்டு, திரையைத் துடைத்து, அடுத்ததை வரைந்தது. அதுவும் அசல். அதற்கடுத்ததும். ஒவ்வொன்றையும் புதுக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தோம். பட்டைகள் ஒட்டிக்கொள்ளவில்லை, பின்பக்கம் முன்னால் வரவில்லை, நிழல் சரியான பக்கத்தில் விழுகிறது என்று அவள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. அதற்கும் பயந்தேன்.

பிளக் பழசு, தளர்ந்துபோனது. என் கால் பக்கத்தில்தான் இருந்தது. லேசாக இடறினால் போதும், எல்லாம் அழிந்துவிடும், யார் மேலும் குற்றமில்லை. பெட்டி பழசு, கரண்ட் மோசம், ஆகவே பந்தயம் செல்லாது என்று சொல்லிவிடலாம். சுற்றாமல் போய்விட்டால் என்று நினைக்கும்போதெல்லாம் பாதம் தானாக அந்தப் பக்கம் நகர்ந்தது. எழுந்துபோய் எதிர்மூலையில் உட்கார்ந்துகொண்டேன்.

சாப்பாடு முடிந்து இலை எடுக்கிற நேரத்தில் கடைசிப் படமும் முடிந்தது. "ஒரு முழுச் சுத்து சுத்துனா டிக்குன்னு ஒரு சத்தம் வரும், வெச்சிருக்கறேன்," என்று சொல்லிக்கொண்டே கட்டையைத் தட்டினாள்.

டிக்.

தூக்குக் குண்டு திரையில் படுத்திருந்தது. சுற்றவில்லை.

டிக். டிக்.

ஒரு புள்ளிகூட அசையவில்லை. கல்லில் செதுக்கிவைத்தாற்போல நின்றது. அவள் நிறுத்தினாள். புரோகிராமை வரி வரியாகத் திரையில் ஓட்டினாள், கண் அதன் மேல் போகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி தட்டினாள். மறுபடி அதே. என் மனைவி கையில் இலையோடு வாசற்படியில் நின்றவள் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள்.

தங்கை வலது கையை மடியில் எடுத்துவைத்து இடது கையால் மூடிக்கொண்டாள். பிறகு மிக இயல்பான குரலில், மழை விட்டுவிட்டது என்று சொல்கிற மாதிரி, "நின்னுபோச்சுங்ணா," என்றாள்.

ஏதாவது சின்னத் தப்பாக இருக்கும் என்றேன். எண் மாறியிருக்கும், நான் தப்பாகப் படித்திருப்பேன் என்றேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள், நான்தான் நோயாளி என்பதுபோல. தாள்களை அடுக்கினாள். லைப்ரரியும் நல்ல இடம்தான், காற்றோட்டமாக இருக்கும் என்றாள். புடவையை எடுத்து வைக்க உள்ளே போனாள்.

நான் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதை யாரும் நிறுத்தவில்லை. டிக், டிக் என்று சொல்லிக்கொண்டேயிருந்தது, எதுவோ பெரிய வேலை செய்வதுபோல. திரையில் குண்டு பளபளவென்று நின்றது. அந்தப் பளபளப்பையே பார்த்துக்கொண்டிருந்ததில், கடையும்போது ஊற்றுகிற சோப்புத் தண்ணீரும் சூடான இரும்பும் கலந்த வாசனை எங்கிருந்தோ வந்ததுபோல இருந்தது. பின்கட்டுப் பட்டறை. அப்பா நன்றாக மெருகேற்றிய உருளை லேத்தில் ஓடும்போது இப்படித்தான் இருக்கும். சத்தமில்லாத மோட்டார், வழவழவென்று பித்தளை. ஓடுகிறதென்று கண்ணால் சொல்ல முடியாது. ஆசையாக விரலை நீட்டுவோம். அதற்காகவே அப்பா சட்டைப்பையில் சாக்பீஸ் வைத்திருப்பார். எங்களைப் பட்டறைக்குள் விடும் முன்னால் உருளையின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டு, அப்புறம்தான் லேத்தைப் போடுவார். கோடு தெரிந்தால் நிற்கிறது, கோடு கரைந்தால் ஓடுகிறது. வாசலிலேயே எங்களை நிறுத்தி, தினமும் ஒரே கேள்வி. பார்த்துச் சொன்னால்தான் உள்ளே வரலாம்.

நான் ஒன்றையும் கண்டுபிடித்துவிடவில்லை. எனக்குக் கணக்கு அந்த அளவுக்கு வராது. பழைய பழக்கத்தில் வாயில் வந்ததைக் கேட்டேன், அவ்வளவுதான். அதுவும் அவள் பையோடு வெளியே வந்தபோது, என்ன பேசுவது என்று தெரியாமல்.

"ஏம்மிணி. ஓடுதா, நிக்குதா?"

அவள் நின்றாள். அப்பாவின் கேள்வியை அப்பாவின் குரலில் கேட்டுவிட்டேனோ என்று பயந்தேன். அவள் திரையைப் பார்த்தாள். பையைத் தரையில் வைத்தாள். கதவோரம் குனிந்து, பழைய இடத்துக்குத் திரும்பியிருந்த பித்தளைக் குண்டை எடுத்தாள். இரண்டு கை விரல்நுனிகளுக்கும் நடுவில் படுக்கவைத்துப் பிடித்து, லேத்தில் ஓடுகிற மாதிரி மெல்ல உருட்டினாள். உருட்டிக்கொண்டே இருந்தாள். வலது கை நடுங்கவில்லை, அல்லது நான் கவனிக்கவில்லை.

"ஓடுதுங்ணா," என்றாள். "ஓடிட்டுத்தான் இருந்திருக்குது."

நான் விழித்தேன். குண்டை என் முகத்துக்கு நேராக நீட்டி உருட்டிக்காட்டினாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே கழுத்து, அதே வயிறு, அதே முனை. மேலே வெளிச்சம், கீழே நிழல்.

"கடைசல் சாமானுக்கு எந்தப் பக்கம்ணா மூஞ்சி? ஒரு பட்ட நகுந்தா அடுத்த பட்ட அதே எடத்துல வந்து ஒக்காந்துக்குது. எல்லாப் படமும் ஒரே படம். காலையில இருந்து ஒரே படத்தத் திரும்பத் திரும்பப் பாத்து நல்லாருக்குது நல்லாருக்குதுங்கறோம், மூணு பேரும்."

சிரிக்க ஆரம்பித்தாள். தீப்பெட்டியை எடுத்திருந்தால் காலையிலேயே சுற்றியிருக்கும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல், கண்ணில் நீர் வழிய, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு மறுபடி பயம். மூச்சு வாங்குகிறது, டாக்டருக்குப் போன் செய்யட்டுமா என்று கேட்டேன். அதற்கும் சிரித்தாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. காலையில் ஆரம்பித்து இவ்வளவு நேரம் பிடித்ததே, இன்னொரு முறை எப்படி என்றேன். அவள் ஏற்கெனவே தட்டிக்கொண்டிருந்தாள். குண்டு மாறவே இல்லையல்லவா, ஒரே ஒரு குண்டு போதும். மற்றதையெல்லாம் தூக்கியெறிந்துவிட்டு, ஒரு பட்டையை மட்டும் வெள்ளையாக விட்டு, அந்தப் பட்டை இருக்கிற இடத்தை மட்டும் மாற்றி மாற்றி வரைந்தால் ஆயிற்று. அது முதுகுப் பக்கம் போனால் அதையும் வரைய வேண்டாம். வேலை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதை அவள் தாளில் எழுதவில்லை. என்னிடம் நீட்டிச் சரிபார்க்கச் சொல்லவும் இல்லை. நான் நீட்டுவாள் என்று காத்துக்கொண்டே இருந்தேன்.

வெளியே காற்று ஒரு கிளையை முறித்துப் போட்டது. டிவி ஒருமுறை சுருங்கி விரிந்தது. பெட்டி தாங்கிக்கொண்டது.

டிக் என்றது. குண்டின் மேல் வெள்ளைக் கோடு ஒன்று கீழ்விளிம்பில் முளைத்தது. ஏறியது. வயிற்றின் நடுவில் அகன்று, மேலே மெலிந்து, மறைந்தது. கொஞ்சம் காத்திருந்தோம். அந்தக் கொஞ்ச நேரத்தில் என் ஆயுளில் ஒரு துண்டு போயிருக்கும். மறுபடி கீழே முளைத்தது. பித்தளை உருண்டு உருண்டு, கெட்டியாக, கனமாக, திரைக்குள் நின்ற இடத்தில் சுற்றியது. என் மனைவி ஈரக்கையோடு வந்து நின்று பார்த்தாள்.

பிறகு தங்கை தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ரிவர்ஸ்ல ஓடுது," என்றாள். அப்பாவின் லேத்தில், அது வேகம் பிடிப்பதற்குள், முன்னால் நின்று பார்த்தால், கோடு மேலிருந்து கீழே இறங்கும். இங்கே கீழிருந்து மேலே ஏறியது. எங்கோ ஒரு கழித்தல், கூட்டலாகிவிட்டிருக்கிறது. அவள் உதடு அசைந்தது, எதையோ சொல்லிப்பார்த்தது. நேரத்தைப் பார்த்தாள். கேசட்டை எடுத்து, புரோகிராமை ஊளையும் கீச்சுமாகப் பதிந்தாள். கறுப்புப் பெட்டியை அணைத்தாள். கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

திரும்பப் போட்டுப்பார்க்க அவள் வீட்டில் ஒன்றுமில்லை. எதற்கு எடுத்துக்கொள்கிறாள் என்று கேட்கவில்லை. இதைச் சுற்றியதாக எடுத்துக்கொண்டாளா, தப்பாகச் சுற்றியதாக எடுத்துக்கொண்டாளா என்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயமாக இருந்தது.

உக்கடத்துக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டேன். மாப்பிள்ளை வந்து கூட்டிப்போகிறேன் என்றதை வேண்டாம் என்றிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி வண்டி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள். நான் பின்னால் கையை நீட்டிக்கொண்டே நின்றேன், விழுந்தால் தாங்கலாம் என்று. விழவில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மாத்திரை எடுத்துக்கொண்டாயா, தண்ணீர் பாட்டில் இருக்கிறதா, கிணத்துக்கடவு தாண்டியதும் ஒரு போன் போடு, இறங்கியதும் ஒன்று, வீட்டுக்குப் போனதும் ஒன்று என்று கீழேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். நாளைக் காலையில் நானே கூப்பிடுகிறேன் என்றேன். எத்தனை மணிக்குக் கூப்பிடட்டும் என்று கேட்டேன்.

கண்டக்டர் விசில் ஊதினார். வண்டி அசைந்தது. அவள் ஜன்னல் கம்பிக்கு முகத்தைக் கொண்டுவந்தாள்.

"நாளைக்குக் காத்தால போன் எடுக்கலீன்னா நின்னுபோச்சுன்னு நெனச்சுக்காதீங்ணா. கிளாஸ்ல இருப்பேன்."